டெக்சாஸ்வாசிகளே, உங்கள் ஸ்டேட் ரெப் யாரென்று தெரியுமா? நர்ஸ் பிராக்டிஷனர் மசோதாவுக்கு ஆதரவு கேட்டு ஓர் இழை

#1 கரிசல்காரி

எல்லோருக்கும் வணக்கம். இங்கே வருடக்கணக்காக வாசிக்கிறேன், எழுதுவது அபூர்வம். இன்று ஒரு வேலையாக வந்திருக்கிறேன்: டாக்டர் ஒப்பந்தம் இல்லாமலே நர்ஸ் பிராக்டிஷனர் (என்.பி.) மருந்து எழுத வழி செய்யும் மசோதாவுக்கு ஆதரவு கேட்க. அதனால் நீளமாகத்தான் எழுதுவேன்.

கோவில்பட்டிப் பக்கம் பிறந்தவள். மதுரையில் பி.எஸ்சி. நர்சிங். 2006ல் ஹூஸ்டனில் வார்டு நர்ஸாக வந்து சேர்ந்தேன். 2014ல் ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பை முடித்தேன். இப்போது மேற்கு டெக்சாஸில், லபக்கிலிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில், ஒரு சின்ன ஊரில் கிளினிக் வைத்திருக்கிறேன். சுற்றிலும் பருத்திக்காடு. "இதுக்கா ஏழு கடல் தாண்டிப் போனே?" என்று அம்மா போனில் சிரிப்பார்.

என்.பி. என்றால் யாரென்று தெரியாதவர்களுக்கு: நர்ஸாக வேலை பார்த்து, மேற்கொண்டு மாஸ்டர்ஸோ டாக்டரேட்டோ படித்து, நோயைக் கண்டறியவும் பரிசோதனைகளுக்கு அனுப்பவும் மருந்து எழுதவும் உரிமம் பெற்றவர். 1965ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்ட் என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து தொடங்கிய படிப்பு இது. இன்று நாடு முழுக்க நாங்கள் நான்கு லட்சம் பேர். பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் என்.பி. தன் சொந்த உரிமத்தின் பேரில் வைத்தியம் பார்க்கலாம். டெக்சாஸில் முடியாது. இங்கே மருந்து எழுத வேண்டுமானால் ஒரு டாக்டருடன் ஒப்பந்தம் போட்டு, அந்த அதிகாரத்தை அவர் எனக்குக் "கொடுத்ததாக" மெடிக்கல் போர்டில் பதிவு செய்ய வேண்டும். அவர் என் கேஸ் குறிப்புகளில் சிலவற்றைப் பார்க்க வேண்டும், மாதம் ஒரு முறை நாங்கள் பேச வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

நடப்பைச் சொல்கிறேன். என் டாக்டர் 300 மைல் தள்ளி இருந்தார். நல்ல மனிதர், வயது 71. மாதம் 800 டாலர் வாங்கினார். என் கிளினிக்கின் வாசலை அவர் மிதித்ததே இல்லை. போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு மாரடைப்பில் இறந்துவிட்டார். திங்கள் காலை எட்டு மணிக்கு வாசலில் 14 பேர். என் உரிமம் அப்படியே இருந்தது, படித்தது எதுவும் மறந்து போகவில்லை. ஆனால் சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரைக்கு ஒரு ரீஃபில்கூட எழுத முடியாது. இன்சுலின் தீர்ந்து வந்த ஒருவரை லபக் எமர்ஜென்சிக்குத்தான் அனுப்பினேன். வேறு டாக்டர் கிடைக்க 11 நாள் ஆயிற்று. இவருக்கு 1,200 டாலர். இவரும் வீடியோவில்தான்.

அடுத்த சட்டமன்றக் கூட்டத்தொடர் 2027 ஜனவரி 12 அன்று தொடங்குகிறது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, 140 நாள்தான் கூடுவார்கள். தவறவிட்டால் 2029. டெக்சாஸில் இருக்கும் நம்மவர்கள் தங்கள் ஸ்டேட் ரெப்பையும் (மாநிலக் கீழ்சபை உறுப்பினர்) மாநில செனட்டரையும் இப்போதே ஒரு தடவை கூப்பிட்டுப் பேச வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்த இழை.

#2 சிகாகோ சித்தப்பா

அம்மா, முதலில் ஓர் ஒப்புதல் வாக்குமூலம். மூன்று வருடமாக நான் பார்ப்பது என்.பி.யைத்தான் என்பது போன மாதம்தான் தெரிந்தது. "தேங்க்யூ டாக்டர்" என்றேன், "நான் டாக்டர் இல்லை" என்று அவரே திருத்தினார். என் பிபி மாத்திரையைச் சரிபண்ணியவர் அவர்தான், அதனால் எனக்குப் புகார் ஒன்றும் இல்லை.

ஒரு சந்தேகம். ஒப்பந்தத்தில் மாற்று டாக்டர் பெயர் போட வழி இல்லையா? ஒருவர் போனால் எல்லாமே நிற்கும் என்றால் அது சட்டத்தின் தப்பா, ஒப்பந்தத்தின் தப்பா?

#3 கரிசல்காரி

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். போடலாம், போட்டும் இருந்தேன். அந்த மாற்று டாக்டர் அதற்கு முந்தைய வருடமே பிராக்டிஸை விட்டுவிட்டுப் போய்விட்டார். காகிதத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, நானும்தான். என் தப்பும் அதில் உண்டு. ஆனால் யோசித்துப் பாருங்கள்: நோயாளியைப் பாதுகாக்க என்று சட்டம் வைத்த ஒரு பெயர் ஒரு வருடமாகச் செத்த பெயராக இருந்திருக்கிறது. அதனால் எந்த நோயாளிக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை.

#4 ஸ்டெத்

டாலஸ் பக்கம் இன்டர்னல் மெடிசின் பார்க்கிறேன். எதிர்க்கட்சி ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கரிசல்காரி சொன்னது வருத்தமான சம்பவம். ஆனால் அதிலிருந்து அவர் போய்ச் சேரும் இடம் சரியில்லை. நான் சென்னையில் எம்.பி.பி.எஸ். முடித்து, இரண்டு வருடம் வேலையும் பார்த்துவிட்டு வந்தவன். இந்த நாடு என்னிடம் என்ன சொன்னது? "மூன்று வருடம் ரெசிடென்சியை, அதாவது மருத்துவமனைப் பயிற்சியை, இங்கே செய், அப்புறம் பேசலாம்." வாரம் 80 மணி நேரம். செய்தேன். மருத்துவக் கல்லூரியையும் ரெசிடென்சியையும் சேர்த்தால் நோயாளியோடு செலவழித்த நேரம் 12,000 மணிக்குக் குறையாது. என்.பி. படிப்பில் நேரடிப் பயிற்சிக்குக் குறைந்தபட்ச அளவு நெடுங்காலம் 500 மணி. 2022ல்தான் 750 ஆக்கினார்கள். அதையும் சில ஆன்லைன் கல்லூரிகள் "பயிற்சி தரும் ஆளை நீயே தேடிக்கொள்" என்று மாணவர் தலையில் கட்டிவிடுகின்றன.

தரவும் இருக்கிறது. வெட்டரன்ஸ் (முன்னாள் ராணுவத்தினர்) மருத்துவமனைகளின் எமர்ஜென்சி பிரிவுகளை வைத்து டேவிட் சான், யிகுன் சென் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் 2022ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். என்.பி. பார்த்தபோது நோயாளி அங்கே இருந்த நேரம் 11 சதவீதம் கூடுதல். தவிர்த்திருக்கக்கூடிய அட்மிஷன் 30 நாளுக்குள் 20 சதவீதம் கூடுதல். இது டாக்டர் சங்கம் காசு கொடுத்துச் செய்த ஆய்வு இல்லை.

இருபது வருட அனுபவமுள்ள கரிசல்காரியிடம் என் அம்மாவை அனுப்புவேன். ஆனால் சட்டம் கரிசல்காரிக்கு மட்டும் எழுதப்படுவதில்லையே. நேற்று பாஸானவருக்கும் சேர்த்துத்தான்.

#5 ஃப்ரிஸ்கோ அம்மா

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் மகனுக்கு ஒன்பது வயது, ஏடிஹெச்டி என்ற கவனக் குறைபாடு. கண்டுபிடித்தது ஒரு என்.பி. மூன்று சந்திப்பு, பள்ளிக்கூடத்து ஆசிரியரிடம் படிவம், எல்லாம் பொறுமையாகச் செய்தார். கடைசியில், "மருந்தை நான் எழுத முடியாது, டாக்டரைப் பாருங்கள்" என்றார். டாக்டரின் நேரம் கிடைக்க நான்கு மாதம். அவர் பார்த்தது ஏழு நிமிடம். என்.பி.யின் குறிப்பைப் படித்துவிட்டு அதே மருந்தை எழுதினார். இது எதனால் என்று யாராவது சொல்லுங்கள்.

#6 கரிசல்காரி

@ஃப்ரிஸ்கோ அம்மா: அந்த மருந்து ஷெட்யூல் டூ என்ற கடும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வருகிறது. டெக்சாஸில் மருத்துவமனைக்குள்ளும் ஹாஸ்பிஸிலும் (இறுதிக்காலப் பராமரிப்பு) தவிர வேறு எங்கேயும் என்.பி. அதை எழுத முடியாது. ஒப்பந்தம் இருந்தாலும் முடியாது. அடிமைப்படுத்தக்கூடிய ஓபியாய்டு வலி மாத்திரைகளும் ஏடிஹெச்டி மருந்தும் ஒரே பட்டியலில் இருப்பதால் வந்த வினை.

@ஸ்டெத்: டாக்டர், உங்கள் பதிவில் பாதியை நான் கையெழுத்துப் போட்டே தருவேன். அந்த ஆன்லைன் கல்லூரிகளால் எங்கள் பெயர் கெடுவது எங்களுக்குத்தான் அதிகம் வலிக்கிறது. சான், சென் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன், லேசில் தள்ளிவிட முடியாத ஆய்வு. ஆனால் அது எமர்ஜென்சி. நான் பார்ப்பது சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, தடுப்பூசி, பருத்தி அரவை ஆலையில் கை கிழித்துக்கொண்டு வருபவர். குடும்ப மருத்துவத்துக்கு 2000ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மேரி மன்டிங்கர் குழு செய்த ஆய்வு இருக்கிறது. 1,316 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் என்.பி.யிடமும் டாக்டரிடமும் பிரித்து அனுப்பினார்கள். ஆறு மாதம் கழித்து உடல்நிலையில் வேறுபாடு தெரியவில்லை. ஆறு மாதம் போதாது என்பீர்கள், அதுவும் நியாயம்தான்.

என்.பி.யும் டாக்டரும் சமமா என்று கேட்டால் இல்லை என்றே சொல்வேன். எனக்குத் தெரியாததைத் தெரிந்தவர்கள் நீங்கள். வாரம் இரண்டு பேரையாவது லபக்குக்கு அனுப்புகிறேன். ஆனால் என் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை. 300 மைலுக்கு அப்பாலிருந்து 1,200 டாலருக்கு வரும் கையெழுத்து என் நோயாளிக்கு என்ன செய்கிறது? பயிற்சி போதவில்லை என்றால் பயிற்சியைக் கூட்டச் சொல்லுங்கள், நான் உங்களோடு வந்து நிற்கிறேன். பயிற்சிக் குறையைக் கையெழுத்துக் கட்டணம் எப்படி நிரப்பும்?

இன்னொன்று. 2016 டிசம்பரில் வெட்டரன்ஸ் துறை தன் மருத்துவமனைகளில் என்.பி.க்களுக்கு முழு அதிகாரம் கொடுத்தது. மத்திய அரசின் விதி, மாநிலச் சட்டத்தைத் தாண்டி நிற்கும். ஆக, டெக்சாஸிலேயே வெட்டரன்ஸ் கிளினிக்குக்குள் ஒரு டாக்டரின் கையெழுத்துமில்லாமல் ரத்த அழுத்த மாத்திரை எழுதும் என்.பி., வேலை முடிந்து தெருவைக் கடந்து எதிர்க் கட்டடத்துக்கு வந்தால் எழுத முடியாது. தெருவைக் கடக்கும்போது படிப்பு கரைந்துவிடுகிறது போலும்.

#7 ரியோ கிராண்டே

தெருவை விடுங்கள், எங்கள் எல் பாசோவில் மாநில எல்லையையே காட்டுகிறேன். நகரத்தை ஒட்டியே சன்லேண்ட் பார்க், அது நியூ மெக்சிகோ. அங்கே என்.பி.க்களுக்கு 1993லிருந்து முழு அதிகாரம். எங்களோடு படித்தவர்களில் சொந்தக் கிளினிக் வைக்க நினைத்தவர்கள் எல்லோரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். நோயாளிகளும் பின்னாலேயே. முப்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று, எல்லைக்கு அந்தப் பக்கம் மக்கள் ஈசல் மாதிரி செத்து விழுந்ததாக எல் பாசோவில் யாரும் கேள்விப்படவில்லை.

#8 ஸ்டெத்

ஈசல் உவமை நன்றாக இருக்கிறது, ஆனால் அது சான்று இல்லை. நியூ மெக்சிகோவின் சுகாதாரத் தரவரிசையை யாரும் பெருமையாகச் சொல்லிக் கேட்டதும் இல்லை. அதற்கு வறுமை காரணம் என்பீர்கள். சரி. அப்படியானால் நல்லதற்கும் கெட்டதற்கும் இந்தச் சட்டம் காரணமில்லை என்றாகிறது.

கையெழுத்து விஷயத்தில் கரிசல்காரி கேட்டதற்குப் பதில்: ஒன்றும் செய்வதில்லை. இதை எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. என் வகுப்புத் தோழர் ஒருவர் ஏழு பேருக்குக் கையெழுத்துப் போடுகிறார். டெக்சாஸில் ஒரு டாக்டருக்கு ஏழு பேர்தான் வரம்பு, மருத்துவ வசதி குறைந்த பகுதி என்றால் அந்த வரம்பும் இல்லை. மாதம் எத்தனை வருகிறது என்று பெருக்கிப் பாருங்கள். அதற்குப் பெயர் மேற்பார்வை இல்லை, வாடகை. இதைத் தடை செய்ய ஒரு மசோதா வந்தால் நானே தலைநகர் ஆஸ்டினுக்கு வந்து ஆதரவாகப் பேசுவேன். ஆனால் போலி மேற்பார்வையை ஒழிக்க உண்மையான மேற்பார்வையைக் கொண்டுவரலாம். மேற்பார்வையே வேண்டாம் என்பது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது.

#9 வெள்ளலூரான்

கோவையிலிருந்து வேடிக்கை பார்க்கிறேன். 2019ல் இங்கேயும் இதே சண்டைதான். தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32வது பிரிவில், டாக்டர் அல்லாத சிலருக்குச் சமுதாய சுகாதாரப் பணியாளர் என்று அளவான உரிமம் கொடுக்கலாம் என்று வைத்தார்கள். இந்திய மருத்துவ சங்கம் நாடு முழுக்க வேலைநிறுத்தம் செய்தது. "அங்கீகரித்த போலி டாக்டர்கள்" என்று கோஷம். கிராமத்தில் நள்ளிரவில் பிரசவம் பார்க்கிற நர்ஸைப் பற்றி அன்று யாரும் பேசியதாக நினைவில்லை. சரி, உங்கள் பேச்சைத் தொடருங்கள்.

#10 சான்ட்டா கிளாரா சாந்தி

கலிஃபோர்னியா அனுபவம் உதவலாம். எங்களுக்கு 2020ல் ஏபி 890 சட்டம் வந்தது. ஒரே நாளில் கதவைத் திறக்கவில்லை, இரண்டு படி வைத்தார்கள். முதலில் 4,600 மணி நேரம் அல்லது மூன்று வருடம் வேலை பார்த்தால் "103 என்.பி.", அதாவது டாக்டர் ஒருவராவது இருக்கும் குழுவில் ஒப்பந்தம் இல்லாமல் பார்க்கலாம். அது 2023 ஜனவரியில் அமலுக்கு வந்தது. அதில் மூன்று வருடம் கழித்தால் "104 என்.பி.", தனியாகவே வைக்கலாம். 2026லிருந்துதான் 104. நான் 103. பெயரைக் கேட்டால் பஸ் நம்பர் மாதிரி இருக்கும், கண்டுகொள்ளாதீர்கள்.

பல மாநிலங்கள் ஏதோ ஒரு மணிக்கணக்கை வைத்துத்தான் போயிருக்கின்றன. நெப்ராஸ்கா 2,000, நியூயார்க் 3,600, இல்லினாய் 4,000. ஃப்ளோரிடா 2020ல் 3,000 மணி வைத்து, குடும்ப மருத்துவம் போன்ற முதல்நிலைப் பிரிவுகளுக்கு மட்டும் திறந்தது. நெப்ராஸ்காவில் 2014ல் சபை நிறைவேற்றியதைக் கவர்னர் நிராகரித்தார், அடுத்த வருடம் புதுக் கவர்னர் வந்து கையெழுத்திட்டார். அதனால் மனம் தளராதீர்கள்.

#11 மிச்சிகன் மல்லி

எல்லோரும் மணிக்கணக்கை மிட்டாய் மாதிரி பங்கு வைக்கிறீர்கள். நான் படித்துக்கொண்டிருப்பவள், அந்த ஆன்லைன் கல்லூரிகளில் ஒன்றில்தான். ஸ்டெத் சார் சொன்னது உண்மை. பயிற்சிக்கு ஆள் தேடி 60 கிளினிக்குக்கு மேல் போன் போட்டேன். கடைசியில் ஒருவர் காசு கேட்டார், கொடுத்தேன்.

ஆனால் 4,000 மணி மேற்பார்வை என்று சட்டம் வைத்தால் அந்த 4,000 மணிக்கும் கையெழுத்து வாங்க நாங்கள்தான் அலைய வேண்டும். அக்கா தப்பித்துவிடுவார். வாடகை முழுக்கப் புதுசாக வருபவர்கள் தலையில் விழும். அதையும் கிராமத்தில் போய்ச் செய்ய முடியாது, ஏனென்றால் மேற்பார்வை பார்க்க அங்கே டாக்டர் கிடையாது. அப்புறம் கிராமத்துக்காகத்தான் இந்தச் சட்டம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

#12 கரிசல்காரி

மல்லி, நீ சொல்வது சுருக்கென்று தைத்தது. இரண்டு நாளாக இதையே யோசிக்கிறேன்.

வழி ஒன்று இருக்கிறது. அந்த மணிகளை டாக்டர்தான் மேற்பார்வை செய்ய வேண்டும் என்று இல்லாமல், அனுபவமுள்ள என்.பி.யும் செய்யலாம் என்று எழுதலாம். மாசசூசெட்ஸில் 2021 ஜனவரியில் வந்த சட்டத்தில் இரண்டு வருடம் மேற்பார்வை உண்டு, அதைத் தகுதியுள்ள என்.பி.யும் பார்க்கலாம். அப்படி வந்தால் உன்னைப் போல ஒருவரை என் கிளினிக்கிலேயே உட்கார வைத்து, பக்கத்து அறையில் நானும் இருந்து, கதவைத் தட்டினால் எழுந்து வந்து பார்ப்பேன். ஸ்டெத் டாக்டர் கேட்ட உண்மையான மேற்பார்வை அதுதானே? வீடியோவில் வருபவரைவிட நான் அருகில் இருப்பேன். காசும் கேட்க மாட்டேன்.

#13 ஸ்டெத்

நர்ஸுக்கு நர்ஸே மேற்பார்வை என்பதை எங்கள் சங்கம் ஒப்பாது. நானும் முழுக்க ஒப்பவில்லை. ஆனால் பக்கத்து அறை என்ற வாதம் பலமானது, அதை மறுக்கவில்லை.

#14 சிகாகோ சித்தப்பா

எனக்குக் காசுக் கணக்கு புரியவில்லை. என்.பி. பார்த்தால் மெடிகேர் (முதியோருக்கான அரசுக் காப்பீடு) குறைவாகத்தானே கொடுக்கிறது? அப்படியிருக்க கிராமத்தில் கிளினிக் எப்படி ஓடுகிறது?

#15 கரிசல்காரி

டாக்டருக்கு 100 டாலர் என்றால் எங்களுக்கு 85. அதிலிருந்து வாடகை, வரவேற்பில் ஒரு பெண்ணுக்குச் சம்பளம், பிறகு அந்த 1,200. ஓடுகிறது என்று சொல்ல முடியாது, நொண்டுகிறது. கிராமத்துச் சுகாதார கிளினிக் என்று மத்திய அரசிடம் தனிச் சான்று வாங்கினால் கணக்கு கொஞ்சம் மாறும். அதற்கான விண்ணப்பம் என் மேஜையில் பாதியில் கிடக்கிறது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எல்லாக் கட்டுப்பாடும் மாநிலச் சட்டத்தால் வந்ததில்லை. சர்க்கரை நோயாளிக்கு மெடிகேரில் தனிச் செருப்பு வாங்கச் சான்று டாக்டர்தான் தர வேண்டும், என்.பி. தர முடியாது. அவர் காலை மாதாமாதம் பார்ப்பது நான், சான்று தருவது அந்தக் காலைப் பார்த்தே இராத ஒருவர். ஆனால் அது வாஷிங்டன் சமாச்சாரம். நம் நர்ஸ் நண்பர்கள் சிலர் அதையும் ஆஸ்டினில் போய்ச் சொல்கிறார்கள். அங்கே இருப்பவர்கள், "அது எங்கள் கையில் இல்லையே அம்மா" என்று சொன்னால் நம் பேச்சின் மதிப்பு அங்கேயே விழுந்துவிடும்.

#16 ஆஸ்டின் வெங்கி

கடைசியில் எனக்குத் தெரிந்த இடத்துக்கு வந்தீர்கள். சட்டமன்ற அலுவலகம் ஒன்றில் இரண்டு கூட்டத்தொடர் வேலை பார்த்தவன். நேராகச் சொல்கிறேன்.

இந்த மசோதா டெக்சாஸுக்குப் புதிதில்லை. ஸ்டெபானி கிளிக் என்ற குடியரசுக் கட்சி உறுப்பினர், அவரே ஒரு நர்ஸ், 2021ல் கொண்டு வந்தார். 2023ல் ஹீல் டெக்சன்ஸ் என்ற பெயரில் வந்தது. எதுவும் நிறைவேறவில்லை. எதிர்த்து வாக்களித்துத் தோற்கடித்தார்கள் என்று நினைக்காதீர்கள். இங்கே மசோதாக்கள் பெரும்பாலும் வாக்கெடுப்பில் சாவதில்லை, வரிசையில் நின்றே சாகும். கமிட்டியைத் தாண்டினாலும் காலண்டர்ஸ் கமிட்டி என்று ஒன்று இருக்கிறது, எந்த மசோதா எந்த நாள் சபைக்கு வரும் என்று அவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். மே மாத நடுவில் ஒரு நள்ளிரவுக் கெடு. அதற்குள் சபையில் எடுக்காத மசோதா போயே போச்சு. எதிர்ப்பவர்கள் ஜெயிக்க வேண்டியதில்லை, தாமதப்படுத்தினால் போதும். மருத்துவ சங்கத்துக்கு அது கைவந்த கலை.

அதனால் மே மாதம் நூறு போன் போடுவதைவிட இப்போது ஒரு தடவை நேரில் போவது மேல். கூட்டத்தொடர் இல்லாத காலத்தில் அவர்கள் தொகுதி அலுவலகத்தில் இருப்பார்கள், நேரம் கொடுப்பார்கள். கீழ்சபையில் 150 பேர், செனட்டில் 31. உங்கள் வீட்டு விலாசத்தைச் சட்டமன்ற இணையதளத்தில் போட்டால் உங்களுக்குரிய இருவர் பெயரும் வரும். நவம்பர் 9லிருந்து மசோதாக்களை முன்கூட்டியே தாக்கல் செய்யலாம், அதற்கு முன்னால் போங்கள்.

அலுவலகத்தில் இருக்கும் 24 வயதுப் பையனை அலட்சியப்படுத்தாதீர்கள். அந்தப் பையனாக இருந்தவன் நான். உறுப்பினர் படிக்கும் ஒரு பக்கக் குறிப்பை எழுதுவது அவன்தான்.

#17 ஃப்ரிஸ்கோ அம்மா

நாங்கள் ஹெச்-1பி. ஓட்டு இல்லை. போனால் மதிப்பார்களா? விசாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று வீட்டுக்காரர் பயப்படுகிறார்.

#18 ஆஸ்டின் வெங்கி

கடிதம் எழுதலாம், நேரில் பார்க்கலாம், கமிட்டியில் சாட்சியும் சொல்லலாம். ஓட்டு இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை, தொகுதியில் வசிக்கிறீர்களா என்றுதான் பார்ப்பார்கள். ஒன்றே ஒன்றில் எச்சரிக்கை: தேர்தல் நன்கொடை. கிரீன் கார்டு இருந்தால் கொடுக்கலாம், ஹெச்-1பியில் இருப்பவர் கொடுக்கவே கூடாது, பத்து டாலர்கூட. விருந்து டிக்கெட் என்று யாராவது நீட்டினால் அதுவும் நன்கொடைதான். மறுத்துவிடுங்கள்.

அப்புறம், வேலை பார்க்கும் இடத்து ஈமெயிலில் எழுதாதீர்கள். மருத்துவமனையில் வேலை பார்ப்பவர்களுக்கு இது முக்கியம்.

சாட்சி சொல்ல ஆஸ்டினுக்கே வர வேண்டும். கேப்பிட்டலில் (சட்டமன்றக் கட்டடம்) இருக்கும் பதிவு இயந்திரத்தில் ஆதரவு, எதிர்ப்பு, பொதுக்கருத்து மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பேச விருப்பமில்லை என்றால் ஆதரவு என்று மட்டும் பதிந்துவிட்டுத் திரும்பலாம், அதுவும் கணக்கில் வரும். காலை எட்டு மணிக்குப் பதிந்துவிட்டு இரவு பதினோரு மணிக்குப் பேசியவர்களைப் பார்த்திருக்கிறேன். தயிர்சாதம் கட்டிக்கொண்டு வாருங்கள். பேச இரண்டு, மூன்று நிமிடம்தான் கிடைக்கும். நேரம் முடிந்தால் மணி அடித்துவிடும்.

#19 கரிசல்காரி

நான் பேசப் போவதை எழுதியிருக்கிறேன். பேசுவது ஆங்கிலத்தில், இங்கே தமிழில் போடுகிறேன். குறை சொல்லுங்கள்.

"நான் மேற்கு டெக்சாஸில் நர்ஸ் பிராக்டிஷனர். நர்ஸிங்கில் என் அனுபவம் இருபது வருடம். 1965ல் கொலராடோவில் தொடங்கிய இந்தத் தொழில் இன்று நாடெங்கும் பரவியிருக்கிறது. 2010ல் தேசிய மருத்துவக் கழகம் என்.பி.க்கள் மீதான தடைகளை நீக்கச் சொன்னது. 2014ல் மத்திய வர்த்தக ஆணையமும் இந்தத் தடைகள் போட்டியைக் குறைத்து நோயாளிகளுக்குச் செலவைக் கூட்டுவதாக எச்சரித்தது. டெக்சாஸின் 254 கவுண்டிகளில் சுமார் முப்பதில் ஒரு குடும்ப மருத்துவர்கூட இல்லை. நாங்கள் டாக்டர்களுக்கு இணையான தரத்தில் சேவை செய்கிறோம். ஒரு வெள்ளிக்கிழமை இரவு என் ஒப்பந்த டாக்டர் காலமானார். திங்கட்கிழமை என் வாசலில் 14 பேர் நின்றார்கள். அவர்களில் ஒருவருக்கு இன்சுலின் தீர்ந்திருந்தது. என்னால் எழுத முடியவில்லை. என் கிளினிக்கை அந்த டாக்டர் ஒரு நாளும் பார்த்ததில்லை. இப்போதைய டாக்டரும் பார்த்ததில்லை. அவருக்கு மாதம் 1,200 டாலர் கொடுக்கிறேன். புதிதாக வருபவர்களுக்கு மேற்பார்வை வையுங்கள், அதை நானே தருகிறேன். எனக்குக் கையெழுத்து விற்பதை நிறுத்துங்கள்."

#20 ஸ்டெத்

"டாக்டர்களுக்கு இணையான தரத்தில்" என்ற வரியை எடுத்துவிடுங்கள். அந்த வரி இருந்தால் எங்கள் ஆள் எழுந்து 12,000 மணி, 500 மணி என்று ஆரம்பிப்பார், உங்கள் 14 பேரும் மறந்துபோவார்கள். நான் அந்த இடத்தில் இருந்தால் அதைத்தான் செய்வேன். எதிரிக்கு யோசனை சொல்கிறேன், என் சங்கத்தில் யாரும் இதைப் படிக்க வேண்டாம்.

#21 ஆஸ்டின் வெங்கி

வர்த்தக ஆணையம், மருத்துவக் கழகம் எல்லாவற்றையும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள், பேசாதீர்கள். கமிட்டி உறுப்பினர்கள் அதைப் பத்து தடவை கேட்டிருப்பார்கள். வெள்ளிக்கிழமை இரவிலிருந்து ஆரம்பியுங்கள். கவுண்டிக் கணக்குக்குப் பதிலாக உங்கள் கவுண்டியின் பெயரைச் சொல்லுங்கள். அந்தப் பகுதி உறுப்பினர் தலையை நிமிர்த்துவார்.

#22 மிச்சிகன் மல்லி

"அதை நானே தருகிறேன்" என்ற வரியை மட்டும் தொடாதீர்கள், அக்கா.

#23 சிகாகோ சித்தப்பா

தமிழில் உரக்கப் படித்து நேரம் பார்த்தேன். நிறுத்தி நிதானமாகப் படித்தால் 1 நிமிடம் 50 வினாடி. ஆங்கிலத்தில் என்ன ஆகும் என்று தெரியாது. 14 பேர் வந்து நிற்பதற்குள் முக்கால் நிமிடம் போய்விடுகிறது, அதைப் பாருங்கள்.

#24 கரிசல்காரி

வெட்டிவிட்டேன். இணையான தரம் போயிற்று, 1965 போயிற்று, ஆணையம் எழுத்துக்குப் போயிற்று. முதல் வாக்கியத்திலேயே டாக்டர் இறந்துவிடுகிறார். ஆங்கிலத்தில் 1 நிமிடம் 35. மிச்சமிருக்கும் நேரத்தில் இன்சுலின்காரர் எமர்ஜென்சியில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருந்தார் என்று சேர்க்கலாமா? நாளை காலை ரீஃபிலுக்கு வருகிறார், அவரிடம் அனுமதி கேட்டுவிட்டு எழுதுகிறேன்.